செவலைக்கு ஒரு சூடு

போன வாரம் சத்யப்ரியாவைக் கம்பெனி கேட்டிலிருந்து தலைதெறிக்க ஓடவிட்டு நிறுத்தியிருந்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரியை இப்படியா ஓடவைப்பாய் என்று என்னைத் திட்டியிருப்பீர்கள். சத்தியமாக நான் ஓடவைக்கவில்லை. கேட்டில் புதிதாக மாட்டியிருந்த கறுப்புப் பெட்டிதான் ஓடவைத்தது. 'வலது உள்ளங்கையைக் காட்டவும்' என்று அது பெண் குரலில் சொன்னது. கூட நின்றவர்கள் எல்லாம் கையைக் காட்டிவிட்டு ஷிப்டுக்குள் போனார்கள். இவள் மட்டும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அன்றைக்கே மத்திகிரி வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு உத்தனப்பள்ளிக்கு, மாமியார் மாதம்மாளிடம் வந்து சேர்ந்தாள். திங்கட்கிழமைக்குள் கையைப் பதியாதவர்களுக்கு வேலை கிடையாது என்று போனில் செய்தி வந்தது. படித்தாள், அழித்தாள், மாட்டுக் கொட்டகைக்குப் போய் செவலைக் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இன்று சனிக்கிழமை. விடியும்போதே மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருவில் புகுந்து கத்தியது. கோமாரி ஊசி முகாமாம். மாடு, கன்று எதையும் விடாமல் ஊசி போட்டு, காதில் நம்பர் வில்லை மாட்டப்போகிறார்களாம்.

மாதம்மாள் ரோஸ் கார்டன் கூலி வேலைக்கு லீவு சொல்லியிருந்தாள். காரணம் ஊசி இல்லை. அதற்கு வருகிறேன். மாட்டை அவிழ்க்கக் கொட்டகைக்குப் போனவள் அங்கே நின்றே சத்தம் போட்டாள்.

"ஏ பிரியா! கன்னு எங்க காணோம்?"

"உள்ள கட்டியிருக்கேன் அத்தே."

"உள்ளன்னா?"

"அரிசி மூட்டை வைக்கிற ரூம்ல."

"அய்ய! மாட்டைக் கொண்டுபோயி வூட்டுக்குள்ள கட்டுவாங்களா? சாணி போட்டா யாரு அள்றது?"

"நான் அள்றேன். அது காதுல நம்பர் குத்தக் கூடாது அத்தே. உங்க கால்ல விழறேன்."

மாதம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மருமகள் வலது கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்ததும் அது இறங்கிவிட்டது. ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டையும் துணியில் சுற்றிக் கொல்லை ஓரத்தில் புதைத்துவிட்டு வந்தவன் மாதம்மாளின் மகன், சத்யப்ரியாவின் புருஷன் முனிராஜ். இந்தப் பிள்ளையோ இன்னும் ஒரு அசைவு காட்டவில்லை. டாக்டரம்மா பொறுங்கள் என்கிறாள். பொறுக்கத்தான் முடியவில்லை.

ஊசிக்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். தாய்ப்பசுவின் காதில் மஞ்சள் வில்லையை வைத்து அழுத்தினார்கள். பசு தலையை உதறிக்கொண்டு நீளமாகக் கத்தியது.

"வேற கன்னு இருக்காம்மா?"

மாதம்மாள் மூடிய கதவைப் பார்த்தாள். தாய் கத்தினால் எந்தக் கன்றும் பதிலுக்குக் கத்தும். கதவுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"இல்லீங்க சார். ஒண்ணுதான்" என்றாள். பொய் சொன்னதற்குக் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டாள்.

அந்தக் கன்று கத்தாது. பிறந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அது 'அம்மா' என்று வாய் திறந்ததில்லை. பால் குடிக்கிறது, துள்ளுகிறது, ஆளை நேருக்கு நேர் பார்க்கிறது. குரல் மட்டும் கிடையாது. உடம்பு முழுக்க ஒரே செவலை. நெற்றியில் சுட்டி இல்லை, வாலில் வெள்ளை இல்லை, குளம்புகூடச் செம்மண் நிறம்.

அதைப் போட்டோ எடுத்து சத்யப்ரியா ஸ்டேட்டஸ் வைத்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மத்திகிரியில் அவள் போய்வரும் ஜெபக் கூட்டத்தை ஒரு பழைய கோடவுனில் நடத்தும் பிரதர் ஜெபசீலன் அந்தப் போட்டோவைப் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்து, மில் மூடியபின் ஊழியத்துக்கு வந்தவர். பணம் பறிக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. உண்மையாகவே பயந்துபோன மனிதர். அதனால்தான் அவர் பேச்சு கேட்பவர்களை இப்படிப் பிடித்துக்கொள்கிறது.

அவருடைய குரல் செய்தியை சத்யப்ரியா இன்று காலையிலும் போட்டுக் கேட்டாள். மாதம்மாளும் அரிசி களைந்தபடி கேட்டாள்.

"தங்கச்சி, நல்லா யோசிச்சுப் பாரு. தேசத்துக்கு எதிரா தேசம் எந்திரிச்சு நிக்கி. கிழக்க பெரிய ஆறு வத்திட்டு வருது. கொள்ளைநோய நம்ம கண்ணாலயே பாத்தோம். கையிலயோ நெத்தியிலயோ அடையாளம் இல்லாம வாங்கவும் முடியாது விக்கவும் முடியாதுன்னு அன்னைக்கே எழுதி வச்சிருக்கு. உன் கம்பெனியில என்னத்தக் கேட்டாங்க? வலது கைய. இப்ப பழுதில்லாத சிவப்புக் கிடாரி. நுகத்தடி ஏறாதது. கடைசி காலத்துல பலி குடுக்க அப்படி ஒண்ண உலகமெல்லாம் தேடுதாங்க. அது உன் வீட்ல நிக்கி. ரெண்டு மயிரு வேற நிறம் இருந்தாலும் செல்லாது. ஒரு மயிருகூட அப்படி இல்லன்னா காலம் முடிஞ்சதுன்னு அர்த்தம். அப்ப நாம மலைக்குப் போயிரணும். அந்த நாள்ல பிள்ளைத்தாச்சிகளுக்குத்தான் ரொம்பக் கஷ்டம்னு சொல்லியிருக்கு தங்கச்சி. நான் உனக்காகத்தான் அழுதேன்."

கடைசியில் அவர் நிஜமாகவே அழுதது போனில் கேட்டது.

"தக்காளிக்காரி தள்ளுவண்டியிலகூட ஸ்கேன் அட்டையத் தொங்கவிட்டுப் போனக் காட்டுன்றா. ரேசன்ல விரல வைன்றான். அதுக்கெல்லாம் உலகம் அழிஞ்சிருமா?" என்றாள் மாதம்மாள்.

"நீங்களே சொல்றீங்களே அத்தே. எல்லாத்துக்கும் கையத்தானே கேக்கறாங்க?"

மாதம்மாள் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டினாள். மருமகள் இப்போதெல்லாம் தன் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். மாதம்மாள் வயசுக்கு வந்தபோது அவளுக்குப் புருவத்துக்கு நடுவில் பச்சை குத்தியிருந்தார்கள். அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தால் சத்யப்ரியா பார்வையைத் தரையில் போட்டுவிடுகிறாள். சோறு போட்ட கையையும் கொஞ்சிய வாயையும் விட்டுவிட்டு நெற்றியைப் பார்த்துப் பயப்படுகிறாளே என்று மாதம்மாளுக்கு நெஞ்சு வலித்தது.

மத்திகிரி தேவாலயத்துப் பாதிரியாரிடமும் சத்யப்ரியா போய்க் கேட்டிருந்தாள். அந்த நாள் எதுவென்று யாருக்கும் தெரியாதம்மா, வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடு என்று அவர் அனுப்பிவிட்டார். அது அவளுக்குப் போதவில்லை. பயத்தில் இருப்பவளுக்கு ஆறுதல் சொன்னால் அலட்சியமாகத் தெரிகிறது. சேர்ந்து பயப்படுகிறவரைத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

இப்போது மாதம்மாளின் லீவுக்கு வருகிறேன். கன்று பிறந்த அன்றே அவள் அதைப் பெருமாளுக்கு நேர்ந்துவிட்டாள். மருமகளுக்குப் பிள்ளை தங்கினால் செவலை உனக்கு என்று வேண்டிக்கொண்டாள். அப்படி நேர்ந்த கன்றுக்கு ஒரு சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் வலது தொடையில் நாமச் சூடு போடுவார்கள். சூடு போட்ட மாட்டை விற்கக் கூடாது, ஏர் பூட்டக் கூடாது. சூடு போட வேண்டிய தாசர் கோவிந்தப்பன் பைக்கிலிருந்து விழுந்து கட்டோடு படுத்திருந்தார். நேர்ந்தவள் போட்டாலும் சாமி ஏற்றுக்கொள்ளும் என்று சூட்டுக்கோலைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஆக, ஒரே பிள்ளை பிழைப்பதற்காக இரண்டு பெண்கள் ஒரே கன்றை நம்பியிருக்கிறார்கள். அடையாளம் விழுந்தால்தான் பிள்ளை தங்கும் என்கிறாள் மாமியார். அடையாளம் விழாத கன்றுதான் பிள்ளைக்குக் காவல், விழுந்தால் பிள்ளை போய்விடும் என்கிறாள் மருமகள். நடுவில் நின்று பஞ்சாயத்துச் செய்ய எனக்கே தைரியம் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் காற்று நின்றுவிட்டது. தெருவில் போன மாடுகள் எல்லாம் காதில் மஞ்சள் வில்லையோடு போயின. கொக்கு, காக்கை ஒன்றையும் காணோம். ரோஸ் கார்டன் ஷெட்டுகளின் பிளாஸ்டிக் கூரையில் சூரியன் விழுந்து ஊரின் மேற்குப் பக்கம் முழுவதும் ரத்தச் சிவப்பாக நின்றது. தினமும் அப்படித்தான் நிற்கும். இன்றுதான் மாதம்மாள் அதைப் பார்த்துப் பயந்தாள்.

கொட்டகை வாசலில் மூன்று கல் கூட்டி நெருப்பு மூட்டினாள். கோலை அதில் செருகினாள். கன்றை அவிழ்த்துக்கொண்டு வந்து முளைக்குச்சியில் கட்டினாள். சத்யப்ரியா தடுக்கவில்லை. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வேன் வந்தது. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன். அதிலிருந்து பிரதர் ஜெபசீலனும் கூட இரண்டு பேரும் இறங்கினார்கள். எல்லாரும் வெள்ளைச் சட்டை. டிரைவர் சீட்டில் முனிராஜ்.

"அடப்பாவி! நீயாடா இவங்களக் கூட்டியாந்தே?" என்றாள் மாதம்மாள்.

"வாடகைக்குக் கூப்ட்டாங்கம்மா. வந்தேன். எனக்கென்ன?"

அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். சீட்டை விட்டும் இறங்கவில்லை. இந்த ஜெபக் கூட்டத்தை வீட்டில் அதிகமாகக் கிண்டல் செய்தவன் அவன்தான். ஆனால் டிரிப் இல்லாத நேரங்களில், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பிரதரின் வீடியோக்களை அவன் ஒன்றுவிடாமல் பார்ப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

"அம்மா, வணக்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார் ஜெபசீலன். மாதம்மாளின் நெற்றியைப் பார்த்ததும் அவர் பார்வை விலகியது. "கொஞ்ச நேரம் பொறுத்துக்கிடுங்க. கன்னுக்குட்டிய ஒரு தடவ பாத்துக்கிடுதோம். வேற நிறத்துல மயிரு கிடைச்சா நான் சொன்னது தப்பு. தங்கச்சி இங்கயே இருக்கட்டும். நானே மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருதேன்."

"கிடைக்கலன்னா?"

"தளி மலையில ஒரு தோட்டம் இருக்கும்மா. போன் கிடையாது, கரண்டு கிடையாது. கையக் கேக்க அங்க ஆளில்ல. தங்கச்சி எங்ககூட வந்துரும். ரெண்டு பேரு ஒண்ணா வேலை செய்வாங்க, ஒருத்தர எடுத்துக்கிடுவாங்க, ஒருத்தர விட்டுருவாங்கன்னு சொல்லியிருக்கு."

"எடுத்துக்கினு போறது நல்லதா, விட்டுட்டுப் போறது நல்லதா? அதச் சொல்லுங்க மொதல்ல."

ஜெபசீலன் போனை எடுத்து வெளிச்சம் போட்டார். கன்றின் முன்னால் முட்டி போட்டார்.

மூன்று பேரும் கன்றைச் சுற்றி உட்கார்ந்து, மயிரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். காது மடல், தாடை, கழுத்து மடிப்பு, வயிறு, தொடை இடுக்கு, வால் நுனி. போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு பார்த்தார்கள். கூச்சத்தில் துள்ள வேண்டிய கன்று கல் மாதிரி நின்றது. அது கண் சிமிட்டாமல் சத்யப்ரியாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. தெரு முழுக்க இருட்டு கட்டியது. நெருப்பும் போன் வெளிச்சமும் மட்டும் இருந்தன.

'பெருமாளே, ஒரே ஒரு வெள்ளை மயிரு காட்டுய்யா' என்று மாதம்மாள் வேண்டினாள். தன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கன்றின் மேல் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். அவ்வளவு ஆசை அவளுக்கு மருமகள் மேல்.

ஜெபசீலன் எழுந்தார். முகம் நனைந்திருந்தது. சந்தோஷப்படுகிறவர் முகமாக அது இல்லை.

"ஒரு மயிருகூட இல்லம்மா. கிடைக்கும்னு நெனச்சேன். கிடைக்கணும்னுதான் தேடினேன்." சத்யப்ரியா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, துணிமணிய எடுத்துக்க. இன்னைக்கே போயிருவோம்."

சத்யப்ரியா உள்ளே போனாள். வரும்போது கையில் துணிப்பை இருந்தது. அது காலையிலேயே கட்டி வைத்த பை.

"கண்ணு, போவாத" என்றாள் மாதம்மாள். "ஆஸ்பத்திரி இல்லாத எடத்துக்கு எதுக்கு கண்ணு போற? ராத்திரியில வலி கண்டா என்னா பண்ணுவ? மூணாவதையும் கொல்லையில போடணுமா? நானு உன்ன என்னாத்த கொறச்சேன், சொல்லு!"

"நீங்க ஒண்ணும் கொறைக்கல அத்தே. எனக்கு இது வேணும். இது உசிரோட வேணும். அவ்ளோதான்." சத்யப்ரியா தேம்பினாள். "நீங்களும் வாங்க அத்தே."

"டேய் முனிராஜு! பொண்டாட்டி போறா, பாத்துக்கினு குந்தியிருக்கியே, எறங்கி வாடா!"

அவன் ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்திருந்தான்.

மாதம்மாள் சுற்றிலும் பார்த்தாள். கன்று பழுதில்லாமல் இருக்கிறவரைதானே இவர்களுக்கு இது வேண்டும்? பழுதாகிவிட்டால்? வேண்டுதலும் நிறைவேறும், மருமகளும் தங்குவாள். இதை அவள் யோசித்து முடிக்கக்கூட இல்லை. கை நெருப்புக்குள் போய்விட்டது. மூன்று கோடும் பழுக்கச் சிவந்திருந்த கோலை எடுத்துக்கொண்டு, "கோவிந்தா!" என்று கத்தியபடி கன்றின் தொடையை நோக்கிப் பாய்ந்தாள்.

"வேணாம் அத்தே!"

பை கீழே விழுந்தது. சத்யப்ரியா குறுக்கே விழுந்து கன்றின் தொடையைக் கையால் மூடினாள்.

வலது கை.

'சுர்' என்று ஒரு சத்தம் கேட்டது. தோல் கருகும் வாடை வந்தது. சத்யப்ரியா கத்தவில்லை. மாதம்மாள்தான் கத்தினாள். கோலைத் தூக்கி எறிந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என் தங்கமே! என் கையி வெளங்குமா! என்னா காரியம் பண்ணிட்டேன்!"

போன் வெளிச்சம் சத்யப்ரியாவின் புறங்கையில் விழுந்தது. மூன்று கோடு. நடுக்கோடு கொஞ்சம் நீளம். செவலையின் மேல் ஒரு கீறல் இல்லை.

ஜெபசீலன் இரண்டடி பின்னால் போனார்.

"வலது கையில..." என்றார். "கடவுளே, வலது கையில வாங்கிட்டாளே."

"தண்ணி எடுத்தாங்கய்யா யாராச்சும்! பாத்துக்கினு நிக்கறீங்களே, மனுசங்களா நீங்க?"

யாரும் அசையவில்லை. மாதம்மாளே மருமகளைத் தாங்கிக்கொண்டு போய்த் தொட்டிக் கல்லில் உட்கார வைத்தாள். மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டிக்குள் அந்தக் கையை முக்கிப் பிடித்தாள். முதுகுப் பக்கம் கால் சத்தங்கள் கேட்டன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மருமகளின் கண் எங்கோ நிலைகுத்தியிருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"கண்ணு! பிரியா! என்னப் பாரு. என் மூஞ்சியப் பாரு."

வெகு நாளைக்குப் பிறகு சத்யப்ரியா அந்த நெற்றியை நேராகப் பார்த்தாள். அவளுடைய இடது கை மெதுவாக வயிற்றுக்குப் போனது.

"அத்தே..."

"என்னா கண்ணு? வலிக்குதா?"

"அசையுது அத்தே."

மாதம்மாள் கையை அங்கே வைத்தாள். ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளே இருந்து சின்னதாக ஓர் உதை. இன்னொன்று. எது பலித்தது என்று கேட்காதீர்கள். கேட்கிற நிலையில் அவர்கள் இல்லை. ஒருத்தியைக் கட்டிக்கொண்டு ஒருத்தி ஓவென்று அழுதார்கள்.

"முனிராஜு! வண்டிய எடுடா! ஓசூரு ஆஸ்பத்திரிக்குப் போலாம், சீக்கிரம் எடுடா!"

வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

"எடுத்துட்டான் கண்ணு. எந்திரி, மெதுவா எந்திரி."

ஹெட்லைட் வெளிச்சம் சுவரில் ஊர்ந்து, அவர்கள் மேல் பட்டு, அப்படியே தாண்டிப் போனது. சத்தம் வாசலில் நிற்கவில்லை. தெரு முனைக்குப் போயிற்று. ஓசூர் பக்கம் திரும்பவில்லை. கெலமங்கலம் ரோட்டில், மலைப் பக்கமாகத் திரும்பியது.

"டேய்! டேய் முனிராஜு!"

மாதம்மாள் கொட்டகை வாசலுக்கு ஓடினாள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் யாரும் இல்லை. துணிப்பை விழுந்த இடத்தில் கிடந்தது. முளைக்குச்சியில் கயிறு மட்டும் தொங்கியது.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. போய்க்கொண்டிருந்த வேனுக்குள்ளிருந்து, பிறந்தது முதல் வாய் திறக்காத செவலை, ஊரே கேட்கும்படி "அம்மா" என்று கத்தியது.

கொட்டகையில் தாய்ப்பசு காதில் மஞ்சள் வில்லை ஆட, எழுந்து நின்று பதில் கொடுத்தது. கொடுத்துக்கொண்டே இருந்தது.

"மாமாவும் போயிட்டாரா அத்தே?" என்று தொட்டியடியிலிருந்து சத்யப்ரியா கேட்டாள்.

மாதம்மாள் ரோட்டைப் பார்த்தாள். பின்விளக்கு இரண்டும் சிவப்பாகத் தெரிந்தன. அப்புறம் அதுவும் தெரியவில்லை.